லாகின் செய்ததும் மொழி மாறுகிறதா? லினக்ஸ் டெஸ்க்டாப்பில் மொழி, சூழல் பிழைகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

ஒரே கணினியில் மூன்று நான்கு பேர் கணக்கு வைத்திருப்பது வடசென்னையில் சாதாரணம். வண்ணாரப்பேட்டை ஜெராக்ஸ் கடையில் காலையில் அப்பா உட்கார்ந்தால் மாலையில் மகள். வியாசர்பாடி டியூஷன் சென்டரில் ஒரு மேசைக்கு நாலு பிள்ளைகள். அப்பாவுக்கு மெனு தமிழில் வேண்டும், மகளுக்கு ஆங்கிலம் போதும். இருவருக்கும் ஒரே பெட்டியில் இடம் கொடுக்க லினக்ஸால் முடியும். ஆனால் மொழியை மாற்ற ஒருவர் ஓரிடத்திலும் இன்னொருவர் வேறிடத்திலும் கை வைத்துவிட்டால், எது யாருடைய பேச்சைக் கேட்கிறது என்பதே தெரியாமல் போகும். இந்த வழிமுறை அந்தச் சிக்கலைப் பிரிப்பதற்கானது.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வாயால் சொல்வதுபோலத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். ஒருவர் ஃபோனில் படிக்க மற்றவர் தட்டுவதற்கு இது வசதி. தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். லாங், லாங்குவேஜ், பாத், எக்ஸ்கேபிலேஅவுட், எல்சி_ என்று தொடங்குபவை முதலான எல்லா மாறிகளின் (நிரல்கள் பார்த்து நடந்துகொள்ளும் பெயர்=மதிப்பு வரிகளின்) பெயரும் முழுக்கப் பெரிய எழுத்து. டிஏ_ஐஎன், இஎன்_ஐஎன் போன்ற மொழிக் குறியீட்டில் மொழியைக் குறிக்கும் டிஏ, இஎன் சிறிய எழுத்து, நாட்டைக் குறிக்கும் ஐஎன் பெரிய எழுத்து, நடுவில் அடிக்கோடு; யுடிஎஃப்-8 பெரிய எழுத்து. மற்றவை எல்லாம், வேறு விதமாகச் சொல்லாதவரை, சிறிய எழுத்து.

மொழி எங்கிருந்து வருகிறது

லாகின் நடக்கும்போது மொழி அமைப்பு நான்கு அடுக்காக ஏறுகிறது. பின்னால் வருவது முன்னால் வந்ததை அழிக்கும்.

முதல் அடுக்கு முழுக் கணினிக்குமானது. டெபியன், உபுண்டு, மின்ட் ஆகியவற்றில் /இடிசி/டிஃபால்ட்/லோகேல் என்ற கோப்பு. ஃபெடோரா, ஆர்ச் ஆகியவற்றில் /இடிசி/லோகேல்.கான்ஃப். இவற்றோடு /இடிசி/என்விரான்மென்ட் கோப்பும் இந்த அடுக்கில்தான் படிக்கப்படும். அரசு இலவச மடிக்கணினிகளில் வந்த பாஸ் லினக்ஸ் டெபியன் வழி வந்தது. டெபியனுக்குச் சொல்வதே அதற்கும் பொருந்தும்.

இரண்டாம் அடுக்கு லாகின் திரையின் நினைவு. ஒவ்வொரு கணக்குக்கும் /வார்/லிப்/அக்கவுண்ட்ஸ்சர்வீஸ்/யூசர்ஸ் அடைவில் (கோப்புறையில்; அக்கவுண்ட்ஸின் முதல் எழுத்தும் சர்வீஸின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து) அவருடைய பெயரிலேயே ஒரு கோப்பு இருக்கும். நோம் டெஸ்க்டாப்பின் அமைப்புகளில் மொழியை மாற்றினாலும், லைட்டிஎம் லாகின் திரையின் மூலையில் உள்ள மொழிப் பட்டியலில் தொட்டாலும் இங்கேதான் பதியும். பிள்ளைகள் விளையாட்டாக லாகின் திரையில் வேறு மொழியைத் தேர்ந்தால் அடுத்த முறையும் அதுவே வருவதற்குக் காரணம் இதுதான். லைட்டிஎம் கூடவே வீட்டு அடைவில் (அந்தப் பயனரின் சொந்தக் கோப்புறை; ~ குறிப்பது இதையே) ~/.டிஎம்ஆர்சி என்ற கோப்பிலும் எழுதும்.

மூன்றாவது வீட்டு அடைவின் கோப்புகள்: ~/.ப்ரொஃபைல், ~/.பேஷ்_ப்ரொஃபைல், ~/.எக்ஸ்செஷன்ஆர்சி, ~/.கான்ஃபிக்/என்விரான்மென்ட்.டி. நான்காவது டெஸ்க்டாப்பின் சொந்த அமைப்பு. கேடிஇ பிளாஸ்மாவில் அது ~/.கான்ஃபிக்/பிளாஸ்மா-லோகேல்ஆர்சி கோப்பு. நோமில் "வடிவங்கள்" என்று கேட்கும் வட்டார அமைப்பு.

மாறிகளுக்குள்ளும் ஒரு வரிசை உண்டு. எல்சி_ஆல் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அது இல்லையென்றால் எல்சி_டைம், எல்சி_பேப்பர் போன்ற தனி மாறிகள். அவையும் இல்லாத இடத்தில் லாங். லாங்குவேஜ் மட்டும் இந்த வரிசைக்கு வெளியே நிற்கிறது: திரையில் தெரியும் சொற்களுக்கு அதுதான் முதல் அதிகாரி, எல்சி_ஆல்-ஐயும் மீறும். லோகேல் (மொழி, நாடு, எழுத்துக் குறியாக்கம் சேர்ந்த அமைப்பு) வெறும் 'சி'யாக, அதாவது மொழிபெயர்ப்பில்லாத அடிப்படையாக, இருந்தால் மட்டுமே அது புறக்கணிக்கப்படும்.

கை வைக்கும் முன் மூன்று சோதனை

டெர்மினலைத் திறந்து, எந்தத் துணைச்சொல்லும் இல்லாமல் லோகேல் என்று தட்டுங்கள். எல்லா மாறிகளும் வரிசையாக வரும். மேற்கோள் குறிக்குள் வந்தவை லாங்கிலிருந்து இரவல் வாங்கியவை. மேற்கோள் இல்லாமல் வந்தவை யாரோ தனியாக எழுதியவை. இந்த ஒரு வித்தியாசமே பாதி விடை.

அடுத்து, சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஷோ-என்விரான்மென்ட்: டெஸ்க்டாப்புக்குக் கிடைத்த மாறிகளை இது காட்டும். டெர்மினல் ~/.பேஷ்ஆர்சி-யைப் படித்துவிட்டு வருவதால் அது காட்டுவது வேறு, டெஸ்க்டாப்புக்குக் கிடைத்திருப்பது வேறு. இரண்டையும் ஒப்பிடாமல் டெர்மினலை மட்டும் நம்பினால் மணிக்கணக்கில் சுற்ற வேண்டிவரும்.

மூன்றாவதாகப் புதிதாக ஒரு கணக்கு உண்டாக்கி (சூடோ ஆட்யூசர், பிறகு ஒரு பெயர்) அதில் நுழைந்து பாருங்கள். அங்கும் அதே கோளாறு என்றால் முதல் அடுக்கு. அங்கே சரியாக இருந்தால் பழைய கணக்கின் வீட்டு அடைவிலோ லாகின் திரையின் நினைவிலோதான் பிழை. இதைச் செய்யாமல் /இடிசி-யில் கை வைக்காதீர்கள். அது மற்ற எல்லோருடைய திரையையும் மாற்றும்.

அறிகுறி: தமிழைத் தேர்ந்து வெளியேறி உள்ளே வந்தாலும் எல்லாம் ஆங்கிலம்

முதலில் கணினியில் தமிழ் லோகேல் உருவாகியிருக்கிறதா என்று பாருங்கள்: லோகேல் -ஏ. பட்டியலில் டிஏ_ஐஎன் இருக்க வேண்டும். டிஏ_எல்கே மட்டும் இருந்தால் அது இலங்கைத் தமிழ். நாணயக் குறி உட்படச் சில வேறுபடும். எதுவும் இல்லையென்றால் டெபியனில் சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லோகேல்ஸ். வரும் நீளப் பட்டியலில் டிஏ_ஐஎன் யுடிஎஃப்-8 வரிக்குப் போய் ஸ்பேஸ் பாரால் குறியிட்டு, டேப் அழுத்தி ஓகே. அடுத்த திரை கணினியின் பொது மொழியைக் கேட்கும். அங்கே ஆங்கிலத்தையே விட்டுவைப்பது பகிர்ந்து பயன்படுத்தும் கணினிக்கு நல்லது.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. /இடிசி/லோகேல்.ஜென் கோப்பை நேரடியாகத் திருத்துபவர்கள், அமெரிக்க ஆங்கில வரியைப் பார்த்து, தமிழுக்கும் பெயரின் வாலில் புள்ளி யுடிஎஃப்-8 ஒட்டியிருக்கும் என்று தேடுவார்கள். கிடைக்காது. தமிழ் வரி, டிஏ_ஐஎன் என்று முடிந்து, ஒரு இடைவெளி விட்டு யுடிஎஃப்-8 என்று இருக்கும். அதன் முன்னால் உள்ள # குறியை நீக்கிவிட்டு சூடோ லோகேல்-ஜென் ஓட்டினால் போதும். ஆனால் லாங் மாறிக்கு மதிப்புக் கொடுக்கும்போது டிஏ_ஐஎன்.யுடிஎஃப்-8 என்று புள்ளியோடு முழுதாக எழுதுங்கள். ஃபெடோராவில் இந்த வேலைகள் எதுவும் தேவையில்லை. சூடோ டிஎன்எஃப் இன்ஸ்டால் லாங்பேக்ஸ்-டிஏ.

லோகேல் இருந்தும் ஆங்கிலமே வருகிறது என்றால் லாங்குவேஜ் மாறியைப் பாருங்கள். நாம் சந்திக்கும் புகார்களில் பெரும்பாலும் குற்றவாளி இதுதான். உபுண்டுவை இந்திய ஆங்கிலத்தில் நிறுவியிருந்தால் /இடிசி/டிஃபால்ட்/லோகேல் கோப்பில் லாங்குவேஜ்=இஎன்_ஐஎன்:இஎன் என்று ஒரு வரி கிடக்கும். லாங் தமிழாக இருந்தாலும், சொற்களைத் தேடும்போது நிரல் இந்தப் பட்டியலைத்தான் பார்க்கும். அதில் தமிழே இல்லாததால் நிரலின் மூலச் சொல்லான ஆங்கிலம் வந்து நிற்கும். அந்த வரியை நீக்குங்கள். தமிழ் வேண்டியவரின் கணக்கில் மட்டும் லாங்குவேஜ்=டிஏ:இஎன் என்று வையுங்கள். இப்படி வைத்தால் மொழிபெயர்ப்பு இல்லாத இடங்கள் மட்டும் ஆங்கிலமாகத் தெரியும்.

இன்னும் வரவில்லையா? மொழிபெயர்ப்புக் கோப்புகள் வட்டில் இல்லாமல் இருக்கலாம். உபுண்டுவில் செக்-லாங்குவேஜ்-சப்போர்ட் -எல் டிஏ என்று தட்டினால் எந்தெந்தத் தொகுப்பு குறைகிறது என்று சொல்லும். லாங்குவேஜ்-பேக்-டிஏ, லாங்குவேஜ்-பேக்-நோம்-டிஏ இரண்டும் அடிப்படை. லிப்ரே ஆஃபிஸுக்குத் தனியாக லிப்ரேஆஃபிஸ்-எல்10என்-டிஏ தேவை. டெபியனில் ஃபயர்ஃபாக்ஸுக்கு ஃபயர்ஃபாக்ஸ்-இஎஸ்ஆர்-எல்10என்-டிஏ. பழைய கணினியில் இடம் மிச்சப்படுத்த யாராவது லோகேல்பர்ஜ் நிறுவியிருந்தால் அது ஒவ்வொரு முறையும் தமிழ்க் கோப்புகளைத் துடைத்துவிடும். அதன் அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டு, தொகுப்புகளை மறுபடி நிறுவுங்கள். ஏற்கெனவே அழிந்தவை தாமாகத் திரும்பி வராது.

ஒரே ஒரு செயலி மட்டும் ஆங்கிலத்தில் நின்றால் அது ஃபிளாட்பேக் என்ற தனித் தொகுப்பு முறையில் நிறுவியதாக இருக்கலாம். ஃபிளாட்பேக் கான்ஃபிக் --செட் லாங்குவேஜஸ் "டிஏ;இஎன்" என்று கொடுத்து, ஃபிளாட்பேக் அப்டேட் ஓட்டுங்கள்.

கடைசிச் சந்தேகம் வீட்டு அடைவு. ~/.ப்ரொஃபைலில் முன்பு யாரோ எழுதிய லாங் வரி ஒன்று இருந்தால், அமைப்புகள் திரையில் நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும் அது பின்னால் வந்து அழிக்கும். லாங், எல்சி_ ஆகிய சொற்களை வீட்டு அடைவில் பெயர் புள்ளியில் தொடங்கும் கோப்புகளில் கிரெப் என்ற தேடல் கட்டளை மூலம் தேடுங்கள். பழைய உபுண்டுவிலிருந்து மேம்படுத்திக்கொண்டே வந்த கணினியில் ~/.பாம்_என்விரான்மென்ட் என்ற கோப்பும் மிச்சம் இருக்கும். மொழி அமைப்பு முன்பு அங்கே எழுதப்பட்டது. இப்போது அந்த முறை கைவிடப்பட்டு வருகிறது. புதிய வரி எதையும் அதில் சேர்க்காதீர்கள். பழைய வரிகள் இருந்தால் கோப்பின் பெயரை மாற்றி ஒதுக்கி வையுங்கள்.

கேடிஇ என்றால் தேடலை ~/.கான்ஃபிக்/பிளாஸ்மா-லோகேல்ஆர்சி-யில் தொடங்குவதே நல்லது. அதை வேறு பெயருக்கு நகர்த்திவிட்டு, சிஸ்டம் செட்டிங்ஸில் புதிதாக மொழி தேர்ந்தால் சுத்தமாக எழுதிக்கொள்ளும்.

அறிகுறி: டெர்மினல் திறக்க மறுக்கிறது, அல்லது ஒவ்வொரு கட்டளைக்கும் லோகேல் எச்சரிக்கை

நோம் டெர்மினலின் பல பதிப்புகள் யுடிஎஃப்-8 லோகேல் இல்லாமல் எழும்பாது. ஐகானைத் தொட்டால் சக்கரம் சுற்றும், சில நொடியில் நிற்கும், ஒன்றும் வராது. பெர்ல் நிரல்கள் "செட்டிங் லோகேல் ஃபெயில்டு" என்றும், பேஷ் "கேனாட் சேஞ்ச் லோகேல்" என்றும் புலம்பும். எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே: லாங்குக்கு நீங்கள் கொடுத்த பெயரில் ஒரு லோகேல் கணினியில் இல்லை.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திக் கறுப்புத் திரைக்குப் போங்கள். லாகின் செய்து லோகேல் கட்டளையை ஓட்டி, மதிப்பை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஹைஃபனுக்குப் பதில் நீளக் கோடு, நேர் மேற்கோளுக்குப் பதில் வளைந்த மேற்கோள் என்று வந்திருக்கும். வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வந்த வரியை அப்படியே நகல் எடுத்து ஒட்டினால் இப்படி ஆகும். வளைந்த மேற்கோளும் மதிப்பின் ஒரு பகுதியாகிவிடும். அந்தப் பெயரில் லோகேல் எங்கே இருக்கும்? கட்டளைகளைச் செய்தியாக அனுப்பாமல் சாதாரண உரைக் கோப்பாக அனுப்பினால் இந்தத் தொல்லையே இல்லை.

கண்ணுக்கே தெரியாத இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் நோட்பேடில் எழுதிய கோப்பின் ஒவ்வொரு வரிக்கடைசியிலும் ஒரு கூடுதல் எழுத்து ஒட்டியிருக்கலாம். கேட் என்று எழுதி, கோடு போட்டுப் பெரிய எழுத்து ஏ, பிறகு கோப்பின் பெயர் கொடுங்கள். வரி முடிவில் ^எம் தெரிந்தால் அதுதான். டாஸ்2யுனிக்ஸ் கருவியால் கோப்பை ஒரு முறை சுத்தம் செய்தால் போதும்.

பொதுக் கோப்பில் எழுத நானோவைவிட சூடோ அப்டேட்-லோகேல் லாங்=இஎன்_ஐஎன்.யுடிஎஃப்-8 போன்ற கட்டளை பாதுகாப்பானது. இல்லாத லோகேலைக் கொடுத்தால் எழுதாமல் பிழை சொல்லிவிடும். ஃபெடோராவில் இதே வேலைக்கு லோகேல்சிடிஎல் செட்-லோகேல்.

எல்சி_ஆல்-ஐ எந்தக் கோப்பிலும் நிரந்தரமாக எழுதாதீர்கள். ஒரே ஒரு கட்டளையைச் சோதிக்க அதன் முன்னால் போட்டுக்கொள்வதற்கான மாறி அது. நிரந்தரமாக வைத்தால் அமைப்புகள் திரையில் உள்ள மொழி, தேதி, தாள் ஆகியவற்றுக்கான பொத்தான்கள் எல்லாம் வெறும் அலங்காரமாகிவிடும்.

அறிகுறி: சரியான பாஸ்வேர்டையே ஏற்கவில்லை

கேப்ஸ் லாக்கைப் பார்த்தாயிற்று, இன்னும் ஏற்கவில்லை என்றால் விசைப்பலகை தமிழில் நிற்கிறது. லாகின் திரையின் மேல் வலது மூலையில் விசைப்பலகைக் குறி தெரியும். அதைத் தொட்டு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். உறுதிசெய்ய, "பட்டியலில் இல்லையா" என்பதைத் தொட்டு வரும் பெயர்ப் பெட்டியில் ஏ, பி, சி தட்டிப் பாருங்கள். அங்கே எழுத்து மறையாது. பாஸ்வேர்டை அங்கே தட்ட வேண்டாம், கடையில் பின்னால் நிற்பவருக்கும் தெரியும்.

நிலையான தீர்வு /இடிசி/டிஃபால்ட்/கீபோர்டு கோப்பில். எக்ஸ்கேபிலேஅவுட் வரியில் யுஎஸ் முதலில், காற்புள்ளி, பிறகு ஐஎன் (இரண்டும் சிறிய எழுத்து). எக்ஸ்கேபிவேரியன்ட் வரியில் முதலில் வெறும் காற்புள்ளி, அதை ஒட்டி டாம்_டமில்நெட். முதல் விசைப்பலகைக்கு வேறு வகை எதுவும் இல்லை என்பதை அந்தக் காற்புள்ளி சொல்கிறது. அதை விட்டுவிட்டால் தமிழ் வகை ஆங்கில விசைப்பலகையோடு ஒட்டிக்கொண்டு எதுவும் வேலை செய்யாது.

இதைவிட நல்ல வழியும் உண்டு. தமிழ்99-ஐ மேலே சொன்ன கோப்பு வழியாக எக்ஸ்கேபி விசைப்பலகையாகச் சேர்க்காமல், ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சுக் கருவி வழியாகச் சேருங்கள். நோமில் பாஸ்வேர்டு பெட்டி வந்ததும் ஐபஸ் தானாக விலகி நிற்கும். எக்ஸ்கேபி விசைப்பலகை விலகாது. பலர் மாறி மாறி உட்காரும் கணினிக்கு இதையே பரிந்துரைக்கிறோம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் உருவான விசைப்பலகை இது. அதைத் தட்டத் தெரிந்தவர் லாகின் திரையிலேயே சிக்கிக்கொள்ளக் கூடாது.

அறிகுறி: பாஸ்வேர்டை ஏற்கிறது, திரை ஒரு கணம் கறுத்து மறுபடி லாகின் திரைக்கே வருகிறது

சூழல் அமைப்பால் வரும் கோளாறுகளில் மிக அச்சுறுத்துவது இது. தரவு எதுவும் போயிருக்காது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி நுழைந்து இந்த வரிசையில் பாருங்கள்.

1. டிஎஃப் -எச். வட்டு 100 சதவீதம் நிறைந்திருந்தால் செஷன் (டெஸ்க்டாப் அமர்வு) தொடங்கவே முடியாது. குப்பைத் தொட்டியையும் பழைய பதிவிறக்கங்களையும் காலி செய்யுங்கள்.

2. எல்எஸ் -எல் ~/.எக்ஸ்அத்தாரிட்டி (எக்ஸ் பெரிய எழுத்து). உரிமையாளர் ரூட் என்று இருந்தால் யாரோ சூடோ போட்டு டெஸ்க்டாப் நிரலைத் திறந்திருக்கிறார்கள். சூடோ சௌன் மூலம் உரிமையை அந்தக் கணக்குக்கே திருப்புங்கள். வீட்டு அடைவில் ரூட் பெயரில் வேறு கோப்புகள் இருந்தால் அவற்றையும்.

3. எம்வி ~/.ப்ரொஃபைல் ~/.ப்ரொஃபைல்.பழையது என்பதுபோலப் பெயர் மாற்றி, மறுபடி நுழைந்து பாருங்கள். புதுப் பெயரை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். உள்ளே போக முடிந்தால் பிழை அந்தக் கோப்பில். மூடாத ஒரு மேற்கோள் போதும்: டெபியன் வகைகளில் செஷனைத் தொடங்கும் டேஷ் நிரல் இலக்கணப் பிழையைக் கண்டதும் அங்கேயே நின்றுவிடும், செஷனும் அதோடு முடியும். கோப்பில் எக்ஸிட் என்ற சொல் தனியாக இருந்தாலும் இதே கதி.

4. /இடிசி/என்விரான்மென்ட். இதை ஸ்கிரிப்ட் என்று நினைத்துப் பாத்=$பாத்: என்று எழுதுகிறார்கள். இந்தக் கோப்பைப் படிப்பது ஷெல் அல்ல, பாம் அமைப்பு; $பாத் என்பதை அது விரிக்காது, அப்படியே எழுத்தாக எடுத்துக்கொள்ளும். பிறகு எந்தக் கட்டளையும் கிடைக்காது, எல்லாக் கணக்கும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளப்படும். கறுப்புத் திரையில் எல்எஸ்கூட "கிடைக்கவில்லை" என்றால் பதறாமல் முழுப் பாதையோடு தட்டுங்கள்: /யுஎஸ்ஆர்/பின்/சூடோ /யுஎஸ்ஆர்/பின்/நானோ, பிறகு கோப்பின் பெயர். பாத் வரியில் $ இல்லாமல் அடைவுகளை மட்டும் எழுதுங்கள்: /யுஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின், /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின், /யுஎஸ்ஆர்/எஸ்பின், /யுஎஸ்ஆர்/பின், /எஸ்பின், /பின். இடையில் காற்புள்ளி கூடாது, முக்காற்புள்ளிதான்.

எதிலும் பிடிபடவில்லை என்றால் ~/.எக்ஸ்செஷன்-எரர்ஸ் கோப்பின் கடைசி 20 வரியும், ஜர்னல்சிடிஎல் -பி -பி எரர் தருவதும் (முதல் 'பி' பூட்டுக்கான 'பி', இரண்டாவது ப்ரையாரிட்டிக்கான 'பி') பெரும்பாலும் பெயர் சொல்லிவிடும். மின்சாரம் பட்டென்று போய் அணைந்த கணினியில் வட்டு "படிக்க மட்டும்" நிலையில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி என்றால் முதல் வேலை வட்டைச் சோதிப்பது, மொழி அப்புறம்.

அறிகுறி: தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டங்கள்

டெஸ்க்டாப்பில் என்றால் எழுத்துரு இல்லை. எஃப்சி-லிஸ்ட் :லாங்=டிஏ என்று தட்டுங்கள் (இங்கே லாங் சிறிய எழுத்து). பட்டியல் காலி என்றால் ஃபான்ட்ஸ்-லோஹித்-டாமல் (கடைசிச் சொல் டி, ஏ, எம், எல் என்ற நான்கே எழுத்து) அல்லது ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர் தொகுப்பை நிறுவி, வெளியேறி வாருங்கள்.

கறுப்புத் திரையில் என்றால் சரிசெய்ய முடியாது, சரிசெய்யத் தேவையும் இல்லை. கர்னலின் அந்த டெக்ஸ்ட் திரை அதிகபட்சம் 512 வடிவங்களையே தாங்கும். கொம்பு, கால் சேர்த்து எழுத்தைக் கோக்கும் வேலையும் அதற்குத் தெரியாது. அங்கே நுழைந்ததும் எக்ஸ்போர்ட் லாங்=சி.யுடிஎஃப்-8 என்றும், அன்செட் லாங்குவேஜ் என்றும் தட்டிவிட்டால் செய்திகள் ஆங்கிலத்தில் வாசிக்கத்தக்கதாக வரும். 'சி' பெரிய எழுத்து.

பாமினியில் அடித்த பழைய டிடிபி கோப்பு ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிவது வேறு விஷயம். அது லோகேல் பிழை அல்ல; அந்த எழுத்துருவின் குறியாக்கம். யுனிகோடுக்கு மாற்ற வேண்டும், மொழி அமைப்பில் கை வைக்கத் தேவையில்லை.

அறிகுறி: ஒரு செயலியில் தமிழ் தட்ட முடிகிறது, இன்னொன்றில் முடியவில்லை

டெர்மினலிலிருந்து திறந்தால் தமிழ் வருகிறது, மெனுவிலிருந்து திறந்தால் வரவில்லை என்றால் விடை கையிலேயே இருக்கிறது: ஜிடிகே_ஐஎம்_மாட்யூல், க்யூடி_ஐஎம்_மாட்யூல், எக்ஸ்மாடிஃபையர்ஸ் ஆகிய மூன்று மாறிகளையும் (தட்டச்சுக் கருவி எது என்று செயலிகளுக்குச் சொல்பவை) யாரோ ~/.பேஷ்ஆர்சி-யில் எழுதியிருக்கிறார்கள். மெனு அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. அங்கிருந்து நீக்கிவிட்டு, டெபியன் வகைகளில் ஐஎம்-கான்ஃபிக் -என் ஐபஸ் என்று ஒரு முறை தட்டி வெளியேறி வாருங்கள்.

லிப்ரே ஆஃபிஸில் மட்டும் வரவில்லை என்றால் லிப்ரேஆஃபிஸ்-ஜிடிகே3 தொகுப்பு விடுபட்டிருக்கும். கேடிஇயில் வேலண்ட் என்ற திரை அமைப்பில் ஓடும் செஷனில் இந்த மாறிகளோடு போராட வேண்டாம். சிஸ்டம் செட்டிங்ஸில் விசைப்பலகைப் பகுதியின் "வர்ச்சுவல் கீபோர்டு" பக்கத்தில் ஐபஸ் வேலண்டைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி.

அறிகுறி: வீட்டு அடைவில் ஒரே வகைக் கோப்புறை இரண்டிரண்டாக

மொழி மாறிய பின் முதல் லாகினில், கோப்புறைப் பெயர்களையும் புது மொழிக்கு மாற்றவா என்று கணினி கேட்கும். "ஆம்" என்றால் தமிழ்ப் பெயரில் புதிய கோப்புறைகள் பிறக்கும். உள்ளே ஏதாவது இருக்கும் பழையவை அப்படியே நிற்கும், கோப்புகள் நகராது. "பழைய பெயரே இருக்கட்டும், மறுபடி கேட்காதே" என்பதே நல்ல பதில். மெனு தமிழில் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஏற்கெனவே "ஆம்" சொல்லியிருந்தால் கோப்புகளைக் கையால் ஆங்கிலக் கோப்புறைகளுக்கு நகர்த்திவிட்டு, எல்சி_ஆல்=சி எக்ஸ்டிஜி-யூசர்-டிர்ஸ்-அப்டேட் --ஃபோர்ஸ் என்று ஒரே வரியாகத் தட்டுங்கள் ('சி' பெரிய எழுத்து). இந்தக் கட்டளை முடிந்த பிறகே காலியான தமிழ்ப் பெயர் கோப்புறைகளை அழியுங்கள். முன்னதாக அழித்தால், டெஸ்க்டாப் கோப்புறை காணாமல் போனதைப் பார்த்து அடுத்த லாகினில் கணினி வீட்டு அடைவையே டெஸ்க்டாப்பாக எடுத்துக்கொள்ளும். இருக்கிற கோப்பெல்லாம் திரையில் கொட்டும். அப்படி ஆகிவிட்டால் திரையில் கொட்டியதை அழித்துவிடாதீர்கள், அவைதான் அசல். ~/.கான்ஃபிக்/யூசர்-டிர்ஸ்.டிர்ஸ் கோப்பில் டெஸ்க்டாப் வரியைத் திருத்தினால் அடங்கும்.

அறிகுறி: அச்சில் ஓரம் வெட்டுகிறது, தேதி மாதத்தில் தொடங்குகிறது, கடிகாரம் ஐந்தரை மணி தள்ளி நிற்கிறது

ஜெராக்ஸ் கடைக்கு முக்கியம் இது. லோகேல் -கே எல்சி_பேப்பர் என்று தட்டினால் உயரம் 297, அகலம் 210 என்று வர வேண்டும், அது ஏ4. 279, 216 என்று வந்தால் அமெரிக்க லெட்டர் தாள், அதாவது யாரோ அமெரிக்க ஆங்கிலத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். மெனு ஆங்கிலமாகவே இருக்கட்டும், இஎன்_ஐஎன்.யுடிஎஃப்-8 என்ற இந்திய ஆங்கிலத்துக்கு மாறினால் தாள், ரூபாய்க் குறி, நாள்-மாதம்-ஆண்டு வரிசை எல்லாம் ஒரே அடியில் சரியாகும்.

கடிகாரத்துக்கு டைம்டேட்சிடிஎல். மண்டலம் ஏசியா/கொல்கத்தா என்று இருக்க வேண்டும். அது சரியாக இருந்தும் நேரம் ஐந்தரை மணி பின்தங்கினால் ~/.ப்ரொஃபைலில் டிஇசட்=ஐஎஸ்டி என்ற வரி இருக்கிறதா பாருங்கள். ஐஎஸ்டி என்று மட்டும் கொடுத்தால் கணினி கிரீன்விச் நேரத்தை எடுத்து அதன் மேல் ஐஎஸ்டி என்ற பெயரை ஒட்டிக் காட்டும். வரியை நீக்குவதே தீர்வு. விண்டோஸும் சேர்ந்திருக்கும் மடிக்கணினியில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது மட்டும் நேரம் பிசகினால், தாய்ப்பலகைக் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் கிரீன்விச் நேரமாகவும் படிப்பதே காரணம். லாகின் அமைப்பில் தேட வேண்டாம்.

அறிகுறி: தொலைவிலுள்ள சர்வரில் நுழைந்தால் மட்டும் எச்சரிக்கை மழை

எஸ்எஸ்எச் உங்கள் லாங், எல்சி_ மாறிகளைக் கூடவே தூக்கிக்கொண்டு போகிறது. அந்தப் பக்கம் தமிழ் லோகேல் இல்லை. அங்கே உங்களுக்கு நிர்வாக உரிமை இல்லையென்றால், இங்கே /இடிசி/எஸ்எஸ்எச்/எஸ்எஸ்எச்_கான்ஃபிக் கோப்பில் செண்ட்என்வ் வரியின் முன்னால் # போடுங்கள்.

அறிகுறி: எல்லாம் திருத்தியும் பழையதே வருகிறது

வெளியேறி வந்தாலும், அந்தப் பயனருக்காக ஓடும் சிஸ்டம்டி மேலாளர் சில நேரம் பின்னணியில் உயிரோடு இருக்கும்; பழைய மாறிகளையே புதுச் செஷனுக்குக் கொடுக்கும். இன்னொரு கறுப்புத் திரையில் அதே பெயரில் லாகின் செய்து விட்டுவிட்டாலும் இப்படித்தான். டெஸ்க்டாப்பில் வேலையைச் சேமித்து வெளியேறிய பின், வேறொரு நிர்வாகக் கணக்கிலிருந்து சூடோ லாகின்சிடிஎல் டெர்மினேட்-யூசர், பிறகு அவருடைய பெயர். அக்கவுண்ட்ஸ்சர்வீஸ் கோப்பைக் கையால் திருத்தியிருந்தால் இது போதாது. அந்தச் சேவை பழைய மதிப்பை நினைவில் வைத்திருக்கும். லாங்குவேஜ் என்று தொடங்கும் வரியைச் சரிபார்த்துவிட்டுக் கணினியை முழுக்க மறுதொடக்கம் செய்து, முதலில் தமிழ்க் கணக்கிலும் அடுத்து ஆங்கிலக் கணக்கிலும் நுழைந்து, இரண்டிலும் லோகேல் கட்டளையை ஓட்டிப் பாருங்கள்.